நிலமட்ட மின்புலம் ஆண்டாண்டாக மாறுகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

மேகமில்லாத அமைதியான நாளில், வெட்டவெளியில், தரைக்கும் அதற்கு ஒரு மீட்டர் மேலே உள்ள காற்றுக்கும் இடையே ஏறத்தாழ 100 முதல் 150 வோல்ட் வரை மின்னழுத்த வேறுபாடு இருக்கும். இதை மின்னழுத்தச் சரிவு என்கிறோம்; தரையருகே உள்ள மின்புலத்தின் வலிமையும் இதுவே. பல ஆண்டுகள் விடாமல் இதை அளப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: ஆண்டுச் சராசரிக் கோடு இறங்கிக்கொண்டே போகிறதே, ஏன்? அந்தக் கேள்வியோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கருவியின் காலடியில் தேடத் தொடங்குங்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். முதலில் கருவி, அடுத்து மரமும் கட்டடமும், அதன்பின் புகை, அதன்பின் மண்ணிலும் காற்றிலும் உள்ள கதிரியக்கம். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் சூரியனும், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரும். மேலிருந்து தொடங்கினால் அழகான கதை கிடைக்கும். அது உங்கள் வளாகத்து வேப்பமரத்தின் கதையாக இருந்துவிடவும் கூடும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

வளிமண்டலத்தின் மேலே மின்சாரத்தை நன்கு கடத்தும் அடுக்கான அயனிமண்டலம் தரையைவிட ஏறத்தாழ 2,50,000 வோல்ட் மேலான மின்னழுத்தத்தில் இருக்கிறது. உலகம் முழுவதும் எங்கேயாவது நடந்துகொண்டிருக்கும் இடிமழைகளும் மின்னேற்றம் பெற்ற மழைமேகங்களும் அதை அந்த நிலையில் வைத்திருக்கின்றன. 1920-களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் முன்வைத்த இந்தக் கருத்துதான் இன்றும் அடித்தளம். நல்ல வானிலை உள்ள இடங்களில் அந்த மின்னேற்றம் காற்றின் வழியே தரைக்குக் கசிகிறது. கசியும் மின்னோட்டம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 பிக்கோஆம்பியர்தான். மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களான அயனிகளால் காற்று மிகச் சிறிதளவே மின்சாரத்தைக் கடத்துவதால், இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கே மீட்டருக்கு நூறு வோல்ட் தேவைப்படுகிறது.

ஆக நீங்கள் அளக்கும் மின்புலம், மேலிருந்து வரும் மின்னோட்ட அடர்த்தியைத் தரையருகே உள்ள காற்றின் கடத்துதிறனால் வகுத்தால் கிடைக்கும் அளவு. மின்னோட்டம் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு சுற்றிலிருந்து வருகிறது. கடத்துதிறன் உங்கள் ஊர்க் காற்றைப் பொறுத்தது. ஒரு எண்ணில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மின்புலத்தை மட்டும் அளந்து வைத்திருப்பவர் இரண்டையும் பிரிக்க முடியாது. கடத்துதிறனையோ மின்னோட்டத்தையோ சேர்த்து அளந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆண்டுச் சராசரிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மணிவாரி அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் பராமரிப்புக் குறிப்பேடும், வளாகத்தின் பழைய புகைப்படங்களும் கூடவே இருக்க வேண்டும். நான் பார்த்தவரை, புகைப்படங்கள்தான் பல நேரங்களில் விடை சொல்கின்றன.

அறிகுறி: கோடு ஒரே நாளில் படிபோல இறங்கியிருக்கிறது, அல்லது ரம்பப்பல் போல ஏறி இறங்குகிறது

படி தெரிந்தால் குறிப்பேட்டில் அந்தத் தேதியைத் தேடுங்கள். கருவியை நகர்த்தினார்களா, கம்பத்தின் உயரத்தை மாற்றினார்களா, மின்னணுப் பெருக்கியை மாற்றினார்களா என்று பாருங்கள். தரையோடு சமமாகப் பதித்த கருவி காட்டும் அளவும் கம்பத்தின் மேல் வைத்த கருவி காட்டும் அளவும் ஒன்றாக இராது. கம்பம் தன்னைச் சுற்றி மின்புலக் கோடுகளை வளைத்துக் குவிக்கும். அதனால் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு திருத்தக் காரணி உண்டு. கருவியை மாற்றியும் பழைய காரணியையே தொடர்ந்தால் படி நிச்சயம்.

ரம்பப்பல் தெரிந்தால் கதிரியக்க உணரியை, அதாவது அருகிலுள்ள காற்றை அயனியாக்கி அதன் மின்னழுத்தத்தை எட்டும் உணரியை, சந்தேகியுங்கள். பொலோனியம்-210 பூசிய உணரியின் அரைவாழ்வு 138 நாட்கள். உணரி பலவீனமாகும்போது சுற்றியுள்ள காற்றின் மின்னழுத்தத்தை அது முழுமையாக எட்டுவதில்லை. அளவு மெல்லச் சரியும். புதிய உணரி பொருத்தியதும் துள்ளி ஏறும். மாற்றும் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டு போயிருந்தால், சராசரியில் அது நீண்டகால இறக்கமாகவே தெரியும். ரேடியம் உணரிகளில் இந்தத் தொல்லை இல்லை. அதன் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள்.

ஃபீல்டு மில் என்னும், சுழலும் தகடுகளால் மின்புலத்தை அளக்கும் கருவியை வைத்திருப்பவர்கள் மூடித் தகட்டைப் போட்டு, பூச்சிய அளவு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சுழலும் தகடுகளில் துருவும் அழுக்கும் சேரச்சேரப் பூச்சியம் நகரும். பூச்சியம் நகர்ந்திருந்தால் நல்வானிலை அளவும் இடிமழை அளவும் ஒரே வோல்ட் கணக்கில் நகர்ந்திருக்கும். இதுவே எளிய சான்று.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் படிகளும் கருவியின் பிழை அல்ல. 2011 மார்ச் நடுவில் ஜப்பானின் காகியோகா ஆய்வகத்தில் மின்னழுத்தச் சரிவு திடீரெனப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த இடத்தில் கதிரியக்கத் துகள்கள் வந்து படிந்து காற்றை அயனியாக்கியிருந்தன. அந்தப் பதிவைக் கருவிக் கோளாறு என்று நீக்கியிருந்தால் எவ்வளவு பெரிய சான்று போயிருக்கும்! படிக்குக் குறிப்பேட்டில் காரணம் கிடைக்காவிட்டால் அதை அழிக்காதீர்கள். குறியிட்டு வைத்துக்கொண்டு அடுத்த அறிகுறிகளைப் பாருங்கள்.

அறிகுறி: விடியலில் அளவு பூச்சியத்தை நோக்கி விழுகிறது, வெயில் ஏறியதும் மீள்கிறது, அத்தகைய நாட்கள் கூடிக்கொண்டே வருகின்றன

இது காப்பான் கசிவு, அதாவது உணரியை மின்சாரம் கடத்தாமல் தாங்கும் துண்டின் வழியே மின்னேற்றம் கசிவது. நீட்டிக் கட்டிய கம்பியை உணரியாக வைத்திருக்கும் இடங்களில் மிகவும் சாதாரணம். நான் பணிபுரிந்த ஒரு நிலையத்தில் மார்கழி மாதம் முழுவதும் காலை ஐந்து மணி முதல் எட்டரை மணிவரை கோடு தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஒருநாள் இருட்டோடு எழுந்து டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தேன். டெஃப்ளான் காப்பானின் ஒரு முனையிலிருந்து தாங்கு கம்பத்துக்கு ஒற்றைச் சிலந்தி நூல் ஓடியிருந்தது. அதில் முத்து முத்தாகப் பனித்துளி. உலர்ந்த நூல் எதுவும் செய்யாது. ஈரமான நூல் கம்பியின் மின்னேற்றத்தைக் கம்பத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பஞ்சால் நூலைத் துடைத்தெடுத்த மறுநிமிடமே கோடு எழுந்தது.

அந்த நிலையத்தில் முன்பெல்லாம் வாரம் ஒருமுறை காப்பான்களைத் துடைத்திருக்கிறார்கள். பிறகு அது மாதம் ஒருமுறை ஆகிவிட்டிருந்தது. ஆண்டுச் சராசரி குறைந்ததில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம். கடற்கரை நிலையங்களில் சிலந்தியின் வேலையை உப்புப் படலம் செய்யும். காப்பானைச் சற்றுச் சூடாக வைத்திருப்பது நல்ல தீர்வு. பழைய பதிவைத் திருத்த வேண்டுமென்றால், நண்பகலைச் சுற்றிய உலர்ந்த மணிநேரங்களை மட்டும் எடுத்துப் போக்கைக் கணக்கிடுங்கள். இறக்கம் மறைந்துவிட்டால் தேடலை இங்கேயே நிறுத்தலாம்.

அறிகுறி: கருவி சரியாக இருக்கிறது, கடத்துதிறனும் மாறவில்லை, ஆனாலும் கோடு பத்தாண்டுகளாக வழுவழுப்பாக இறங்குகிறது

தலை நிமிர்ந்து சுற்றிலும் பாருங்கள். மரம் இருக்கிறதா?

ஹங்கேரியில் ஷோப்ரோன் நகருக்கு அருகே நாட்சென்க் என்ற இடத்தில், செச்செனி இஷ்ட்வான் புவியியற்பியல் ஆய்வகம் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்திலிருந்து அங்கே மின்னழுத்தச் சரிவை அளந்து வருகிறார்கள். ஐரோப்பாவின் நீண்ட தொடர்களில் அதுவும் ஒன்று. அந்தத் தொடரில் தெளிவான இறக்கம் தெரிந்தது. 2003 வாக்கில் அது உலக மின்சுற்றிலோ காஸ்மிக் கதிர்களிலோ நடக்கும் மாற்றத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஏர்ல் வில்லியம்ஸ் மறுத்தார். கருவியைச் சுற்றி மரங்கள் வளர்ந்திருக்கின்றன, இறக்கத்தை அவை உண்டாக்கியிருக்கலாம் என்பது அவருடைய வாதம். பின்னாளில் ஹங்கேரிய ஆய்வாளர்களே மரங்களின் மறைப்பை நிலைமின்னியல் கணக்குகளாலும் களத்தில் எடுத்த ஒப்பீட்டு அளவுகளாலும் மதிப்பிட்டார்கள். மறைப்பைக் கழித்த பிறகு நீண்டகாலப் போக்கின் உருவமே மாறியது. தங்கள் ஆய்வகத்துத் தொடரைத் தாங்களே இப்படிப் பிரித்துப் பார்த்த அந்த நேர்மைமீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஈரச் சாறு ஓடும் மரம், இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைப் பொறுத்தவரை நல்ல கடத்தி. தரையின் மின்னழுத்தத்தை அது தன் உச்சிவரை கொண்டுபோகிறது. மின்புலக் கோடுகள் உச்சியில் குவிய, அடியில் நிழல் விழுகிறது. கருவி அந்த நிழலுக்குள் ஆண்டுக்கு ஒரு சாண் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மர நிழலில் மின்புலம் குறையும்போது, அதே இடத்தில் தரைக்குள் இறங்கும் மின்னோட்டமும் அதே விகிதத்தில் குறைகிறது, கடத்துதிறன் மாறுவதில்லை. ஆகவே மூன்றையும் ஒழுங்காக அளந்தவருக்குக்கூட, உலகச் சுற்றின் மின்னோட்டமே குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். மரம் இந்த அளவுக்கு ஏமாற்றும்.

பிரித்தறிய இரண்டு வழிகள். முதலாவது, இடிமழைப் பதிவுகளைப் பாருங்கள். மறைப்பு எல்லா மின்புலங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கும். நல்வானிலை அளவு முப்பது விழுக்காடு குறைந்த காலத்தில், தலைக்குமேல் வந்த புயல்மேகங்களின் உச்ச அளவுகளும் ஏறத்தாழ அதே விகிதத்தில் தாழ்ந்திருந்தால் மரத்தையே குற்றம் சொல்லலாம். புகையோ கதிரியக்கமோ அப்படிச் செய்யாது. இரண்டாவது வழி இன்னும் உறுதியானது: இன்னொரு கருவியைச் சுமந்துகொண்டு, மரத்தின் உயரத்தைப்போலப் பலமடங்கு தொலைவில் உள்ள வெட்டவெளிக்குப் போங்கள். சில நல்வானிலை நாட்களில் இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்து விகிதம் பாருங்கள். அந்த விகிதத்தை ஆண்டுதோறும் எடுத்து வந்திருந்தால் பழைய தொடரை முழுவதும் மீட்கலாம். எடுக்கவில்லையென்றால் பழைய புகைப்படங்களிலிருந்து மரத்தின் உயரத்தை மதிப்பிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

புதிய கட்டடம், கைப்பேசிக் கோபுரம், உயரமான வேலி எல்லாம் இதே வகை. வித்தியாசம், கட்டடத்தால் கோடு படியாக விழும். மரத்தால் மெல்லமெல்ல இறங்கும். கம்பத்தைச் சுற்றி வளரும் புல்லையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: குளிர்காலத்தில் அளவு அதிகம், நாளுக்கு இரண்டு உச்சங்கள், பல பத்தாண்டுப் போக்கு இறக்கம் அல்லது ஏற்றம்

இது புகை. புகைத்துகள்கள் சிறிய அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. துகளில் ஒட்டிய அயனி கனத்துப்போய் நகராது. கடத்துதிறன் விழும், மின்புலம் ஏறும்.

இதற்கு லண்டனைவிடச் சிறந்த பாடம் இல்லை. ரிச்மண்டில் உள்ள கியூ ஆய்வகத்தில் 1861-இல் இயற்பியலாளர் கெல்வினின் நீர்சொட்டுக் கருவி நிறுவப்பட்டது. மெல்லிய குழாயிலிருந்து நீர் துளித்துளியாகப் பிரியும்; ஒவ்வொரு துளியும் ஒரு துளி மின்னேற்றத்தை எடுத்துப்போகும். காப்பிடப்பட்ட நீர்க்கலம் சற்று நேரத்தில் சுற்றியுள்ள காற்றின் மின்னழுத்தத்தை அடைந்துவிடும். கலத்தோடு இணைத்த மின்மானியின் அசைவை ஒளியால் தாளில் பதித்தார்கள். 1980-இல் ஆய்வகம் மூடப்படும்வரை அங்கே மின்னழுத்தச் சரிவை அளந்து வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கியூவின் சராசரி மீட்டருக்கு 300 வோல்ட்டைத் தாண்டி நின்றது. தூய காற்று உள்ள இடத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. வீட்டுக்கு வீடு எரிந்த நிலக்கரி அடுப்புகளே காரணம். 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறையக் குறைய மின்புலமும் இறங்கியது. இந்தத் தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்றால், புகையை யாரும் அளக்காத 1860-களின் லண்டன் காற்றில் எவ்வளவு புகை இருந்திருக்கும் என்பதைப் பழைய மின்புலப் பதிவுகளைக்கொண்டு பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சோதனைக்கு வருவோம். இயற்கைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வாரநாட்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தனித்தனியே கூட்டிச் சராசரி எடுங்கள். வேறுபாடு இருந்தால் அது மனிதர் விட்ட புகையே. இதைவிட நுட்பமான சோதனையை 1929-இல் பிரிட்டிஷ் வானிலையியலாளர் எஃப். ஜே. டபிள்யூ. விப்பிள் செய்துகாட்டினார். பிரிட்டனில் கோடைக் காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளும் வழக்கம் உண்டு. மாற்றத்துக்கு முந்தைய வாரங்களையும் பிந்தைய வாரங்களையும் அவர் கியூ பதிவில் ஒப்பிட்டார். காலை உச்சம் சூரியனைப் பின்பற்றாமல் கடிகாரத்தைப் பின்பற்றி நகர்ந்தது. மக்கள் எழுந்து அடுப்பு மூட்டும் நேரம் அது. எந்தச் செலவும் இல்லாமல், ஓர் அரசாணையையே பரிசோதனையாக மாற்றிக்கொண்ட அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது. நம் ஊரில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. ஆனால் போகி விடியலும் தீபாவளி இரவும் இருக்கின்றன. அந்த நாட்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

மூடுபனியும் இதே திசையில்தான் மின்புலத்தை உயர்த்தும். பார்வைத்தொலைவுப் பதிவு இருந்தால் மூடுபனி நேரங்களை விலக்கிவிட்டுப் புகைக் கணக்கைப் போடுங்கள்.

அறிகுறி: தூய காற்றுள்ள ஒதுக்குப்புற நிலையத்தில் சில ஆண்டுகள் பள்ளம் விழுந்து, பிறகு மெல்ல மீள்கிறது

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் உள்ள லெர்விக் நிலையத்தின் தொடரில் 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்முயர் ஆய்வகத்திலும் அதன் சாயல் உண்டு. ஷெட்லாந்தில் பெரிய புகையும் இல்லை, அடர்ந்த மரமும் இல்லை. காரணம் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள். கதிரியக்கத் துகள்கள் மழையோடு இறங்கி மண்மீது படிந்தன. அவற்றின் கதிர்வீச்சு தரையை ஒட்டிய காற்றுப் படலத்தில் அயனிகளைப் பெருக்கியது. கடத்துதிறன் ஏறியது, மின்புலம் விழுந்தது. 1963-இல் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் வந்தபின் அளவு படிப்படியாக மீண்டது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு 1986-இல் சுவீடனிலும் இத்தகைய வீழ்ச்சி பதிவானது.

அடையாளம் எளிது: கடத்துதிறன் ஏறியிருக்கும், மின்புலம் இறங்கியிருக்கும், இரண்டின் பெருக்கம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். மாற்றம் தரையை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் நடப்பதால், மேலிருந்து இறங்கும் மின்னோட்டத்தை அது பெரிதாகத் தொடுவதில்லை.

குண்டு வெடிக்காமலும் இது நடக்கும். நிலப்பகுதியில் தரையருகே அயனிகளை உண்டாக்குவதில் மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவுக்குப் பெரும்பங்கு உண்டு. வளாகத்தில் சிமெண்டுத் தளம் போட்டார்களா, பக்கத்து வயலில் ஆண்டுமுழுதும் நீர் நிற்கத் தொடங்கியதா என்று கேளுங்கள். மண் மூடினாலும் நனைந்தாலும் ரேடான் வெளியேறுவது குறையும், மின்புலம் ஏறும்.

அறிகுறி: ஆண்டுச் சராசரி நகர்கிறது, நல்வானிலை மணிநேரங்களில் ஒன்றும் இல்லை

நாட்களைத் தேர்ந்தெடுத்த முறை மாறியிருக்கிறது. மழை, தாழ்மேகம், பலத்த காற்று, புழுதி உள்ள நேரங்களை முன்பு ஒருவர் கண்ணால் பார்த்து நீக்கியிருப்பார். பின்னால் கணினி வேறு அளவுகோலில் நீக்கியிருக்கும். முழுத் தொடரையும் ஒரே விதியால் மறுபடி சலியுங்கள்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, தொலைதூர நிலையங்களும் சேர்ந்தே நகர்கின்றன

இப்போது வானத்தைப் பார்க்கலாம். உலகச் சுற்றின் குரல் உங்கள் பதிவில் கேட்கிறதா என்பதற்கு உரைகல், கார்னகி வளைவு. கார்னகி என்ற மரக்கப்பல் 1909 முதல் 1929 வரை பெருங்கடல்களில் அளவெடுத்தது. நடுக்கடலில் ரேடானும் இல்லை, அடுப்புப் புகையும் இல்லை. எந்தக் கடலில் அளந்தாலும் மின்புலம் கிரீன்விச் நேரம் 3 மணியை ஒட்டிக் குறைந்தபட்சத்தையும் 19 மணியை ஒட்டி அதிகபட்சத்தையும் காட்டியது. 1929 நவம்பரில் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் அந்தக் கப்பல் வெடித்து எரிந்தது. தலைவர் ஆல்ட் உயிரிழந்தார். அவர்கள் விட்டுப்போன வளைவை இன்றும் நாம் அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

இந்திய நேரத்தில் அது காலை 8.30 மணிக்குப் பள்ளம், நள்ளிரவு 12.30 மணிக்கு உச்சம். நேர மண்டலத்தைத் தவறாகப் போட்டு வளைவு பொருந்தவில்லை என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், எனவே சரிபாருங்கள். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூரியன் ஏறி, இரவில் தேங்கிக் கிடந்த காற்றைக் கலக்கத் தொடங்கும் காலை நேரம், வளைவின் பள்ளத்தின் மேலேயே வந்து விழுகிறது. திருநெல்வேலிக்கு அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இந்த அளவீடுகள் நடந்திருக்கின்றன. அத்தகைய உள்நாட்டு இடங்களில் காலை நேரத்தை ஒதுக்கிவிட்டு, இரவின் பிற்பகுதியைக் கொண்டு ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப்படுகிறது.

வளைவு பொருந்தினால், போக்குக்கு இரண்டு காரணங்களைச் சோதிக்கலாம். ஒன்று, இடிமழையின் அளவும் இடமும் மாறுவது. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளின் தடம் லெர்விக்கின் டிசம்பர் பதிவுகளில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று காஸ்மிக் கதிர். சூரியன் வீறுகொண்டிருக்கும் காலத்தில் பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்கள் குறையும். மேல்காற்றில் அயனியாக்கம் குறைந்து, காற்றுத் தூணின் மொத்த மின்தடை ஏறும். இறங்கும் மின்னோட்டம் குறையும். தரையருகே ரேடானே ஆட்சிசெய்வதால் அங்கே கடத்துதிறன் மாறாது, மின்புலம் இறங்கும். எஸ்க்டேல்முயரில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தெரிந்த இறக்கத்தை இப்படி விளக்கியிருக்கிறார்கள். இயற்பியல் சரியானது. ஆனாலும் அதே காலத்தில் புகையும் மாறிக்கொண்டிருந்தது. எனவே ஒரே நிலையத்தின் பதிவை வைத்து இந்த முடிவுக்கு நான் போகமாட்டேன். குறைந்தது இரண்டு நிலையங்கள், சூரியச் சுழற்சியின் பதினோராண்டு ஏற்ற இறக்கம், காஸ்மிக் கதிரின் அளவைக் காட்டும் நியூட்ரான் கண்காணிப்பிகளின் பதிவு இவை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

இன்று புதிதாகப் பதிவு தொடங்குபவர்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் கருவியைச் சுற்றி நூறு மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு மரத்தின் பெயரையும் உயரத்தையும் தொலைவையும் எழுதிவைத்து, எட்டுத் திசைகளிலும் ஒரு புகைப்படம் எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே இடத்தில் நின்று அதே எட்டுப் படங்களை மறுபடி எடுங்கள்.